யானைமலையும் தார் ரோடும்

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒத்தக்கடை வருவதற்குள் யானைமலை கண்ணில் பட்டுவிடும். துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போன்ற ஒற்றைப் பாறை. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் ஒரு நிமிடம் குனிந்து, பஸ் சக்கரத்துக்கு அடியில் ஓடும் ரோட்டையும் பாருங்கள்.

கறுப்பாக இருப்பதால் ரோடு தாரால் ஆனது என்று நினைக்கிறோம். அது உண்மையல்ல. மேல்தளத்திலிருந்து நூறு கிலோ பெயர்த்தெடுத்தால் அதில் தார் ஐந்தாறு கிலோதான் இருக்கும். மீதி முழுவதும் கல்லும் கல்பொடியும். இன்னும் கீழே தோண்டினால் தாரே கிடையாது. ஜல்லி, சரளை, மண் அவ்வளவுதான். ஆகவே, நாம் போகும் ரோடு எங்கோ நின்றிருந்த ஒரு மலையின் உடைந்த துண்டுகள். அந்த மலை எது? அதை ஏன் உடைத்தோம்? உடைத்த கல் ரோட்டில் எப்படி நிற்கிறது?

வணிகர்கள் நடந்த வழி

மதுரையைச் சுற்றி மலைகளுக்குக் குறைவில்லை. யானைமலை, அழகர்மலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம், மேலூர்ப் பக்கத்துச் சிறு குன்றுகள் என்று சமவெளியில் ஆங்காங்கே பாறைகள் தலைநீட்டுகின்றன. இவை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மேலே மூடியிருந்தவை அரித்துப் போனபின் இன்று வெளியே தெரிகின்றன.

இந்தக் குன்றுகளின் குகைகளில் சமண முனிவர்களுக்காகக் கற்படுக்கைகள் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். யார் செய்து கொடுத்தார்கள் என்று பக்கத்திலேயே தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். அழகர்மலையில் உள்ள பெயர்களைப் படித்தால் ஒரு கடைத்தெருவே தெரியும். உப்பு வணிகன், துணி வணிகன், கொழு வணிகன் (கலப்பைக்குப் பூட்டும் இரும்பு விற்பவர்), வெல்லப்பாகு வணிகன், பொற்கொல்லர். எல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆட்கள். உப்பு மதுரையில் விளையாது. கடற்கரையிலிருந்துதான் வர வேண்டும். இரும்பும் துணியும் பல ஊர் கடந்து வந்திருக்கும். அப்படியானால் வழிகள் இருந்திருக்கின்றன, ஆட்களும் வண்டிகளும் போய்வந்திருக்கிறார்கள். நம் பகுதியின் போக்குவரத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சிகளில் சில இந்தப் பாறைகளின் மேல்தான் இருக்கின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்து வழிகள் பெரும்பாலும் மண்வழிகளே. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளைச் சீர்படுத்தி, மரம் வைத்து, சத்திரம் கட்டியவர் என்று பெயர் பெற்றார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. தெற்கே பல ஊர்களில் பெரியவர்கள் 'மங்கம்மா சாலை' என்று இப்போதும் சொல்லக் கேட்கலாம். நிழலும் தண்ணீரும் கிடைத்தன. ஆனால் ரோட்டின் மேற்பரப்பு மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி.

மதுரை நகரத்துக்குள்ளே ஒரு வேடிக்கை நடந்தது. ஊரைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்பவர் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். கோட்டை இருந்த இடம் வெளிவீதிகளும் மாரட் வீதிகளுமாக மாறியது. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். அடுத்த தடவை வெளிவீதியில் சைக்கிள் விடும்போது, அகழி இருந்த இடத்தில் சைக்கிள் விடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம்!

சின்னக் கல் பெரிய பாரம் தாங்குமா?

ஏறத்தாழ அதே காலத்தில் உலகம் முழுவதும் ரோடு போடும் முறை மாறிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர் ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1816-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரை, பாரம் தாங்க வேண்டுமானால் அடியில் பெரிய பெரிய கல்லாக அடுக்க வேண்டும் என்றே எல்லோரும் நம்பினார்கள். மெக்காடம் அதை மறுத்தார். பாரத்தைக் கடைசியில் தாங்குவது கல் அல்ல, அடியில் உள்ள மண்தான். மண் காய்ந்திருந்தால் எவ்வளவு பாரமும் தாங்கும். எனவே கல்லின் வேலை மண்ணை நனையாமல் காப்பதும், பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதும்தான் என்றார். அதற்குக் கையளவு கூட இல்லாத சின்னக் கல் போதும். ஒரு கல் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. ரோட்டின் நடு சற்று மேடாக இருக்க வேண்டும், இரு பக்கமும் வாய்க்கால் வேண்டும், தண்ணீர் நிற்கவே கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை: கல் உடைத்த கல்லாக இருக்க வேண்டும். ஏன்? நீங்களே செய்து பாருங்கள். ஒரு வாளி ஆற்றுக் கூழாங்கல், ஒரு வாளி ஜல்லி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தரையில் தனித்தனியே குவியுங்கள். கூழாங்கல் உருண்டு பரந்துவிடும். ஜல்லி செங்குத்தாகக் குவிந்து நிற்கும். பிறகு இரண்டு குவியல் மேலும் ஏறி நின்று பாருங்கள் (கீழே விழாமல்!). கூழாங்கல் காலடியில் நழுவும். ஜல்லியின் கூர்முனைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு பூட்டுப் போட்டதுபோல் இறுகும். மேலே பாரம் ஏற ஏற பூட்டு இறுகுகிறது. இடைவெளிகளில் சரளையையும் கல்பொடியையும் தூவி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தினால் ரோடு தயார். நம் ஊரில் கப்பி ரோடு என்று சொன்னது இதைத்தான்.

எவ்வளவு கல் வேண்டும்? 1 கி.மீ. நீளம், 3.75 மீட்டர் அகலம் உள்ள ஒரு கிராமத்து ரோட்டில் 7.5 செ.மீ. கனத்துக்கு ஒரே ஒரு அடுக்கு போடுவதாக வைத்துக்கொள்வோம். 1000 × 3.75 × 0.075 = 281 கன மீட்டர். அழுத்தும்போது ஜல்லி சுருங்கிவிடும், ஆகவே கொட்டும்போது சுமார் 370 கன மீட்டர் வேண்டும். இரண்டு யூனிட் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ 65 நடை. ரோடு முழுவதற்கும் இதுபோல இரண்டு மூன்று அடுக்குகள் தேவை.

இன்று கிரஷர் இயந்திரம் உடைக்கிறது. அன்று? சம்மட்டியும் மனிதக் கையும்தான். இந்த இடத்தில் ஒரு துயரமான செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். பட்டினி கிடந்தவர்களுக்கு அரசு சும்மா சோறு போடவில்லை. கல் உடைக்கவும் ரோடு போடவும் கால்வாய் வெட்டவும் அழைத்தது. 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, கூலியைக் குறைத்து, ஓர் ஆண் நாள் முழுதும் உழைப்பதற்கு சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று வகுத்தார். மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உயிரைக் காக்காது என்று கடுமையாக எதிர்த்தார். சம்மட்டி அடிக்கும் ஓர் ஆளின் உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கும், அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம் எவ்வளவு சக்தி தரும் என்று கணக்கிட்டால் யார் சொன்னது சரி என்று உங்களுக்கே தெரியும்: தானியத்தில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி, கடின உழைப்புக்குத் தேவை அதைப்போல இரண்டு மடங்கு. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தவர்கள் இறந்தவர்களே. நம் மாநிலத்தின் பழைய கப்பி ரோடுகளில் சிலவற்றின் கல், அந்தக் கைகள் உடைத்தது.

கரிசலின் குறும்பு

மேலூர்ப் பக்கம் செம்மண். மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் தாண்டி விருதுநகர், கோவில்பட்டி வரை பெரும்பகுதி கரிசல். பருத்திக்கு இதைவிட நல்ல மண் இல்லை. ரோட்டுக்கு இதைவிட மோசமான மண் இல்லை. மழைக்காலத்தில் மாட்டுவண்டி அச்சு வரை புதைந்துவிடும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

காரணம், கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது. அது சீட்டுக்கட்டு போன்ற மெல்லிய தகடுகளால் ஆனது. தண்ணீர் தகடுகளின் இடையில் புகுந்து அவற்றை விலக்கிவிடும். மண் ஊதும். காய்ந்தால் சுருங்கும். மேலே போட்ட ரோடு இப்படி ஆண்டுக்கு ஒரு முறை தூக்கித் தூக்கிப் போடப்பட்டால் உடையாமல் என்ன செய்யும்?

இதையும் சோதிக்கலாம். காய்ந்த கரிசல் மண்ணைப் பொடித்துச் சலித்து, இரண்டு அளவுச் சாடிகளில் பத்துப் பத்து கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள் (ஆசிரியர் உடன் இருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம்). ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் உள்ள மண் உயர்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் உள்ளது அப்படியே இருக்கும். சாலைப் பொறியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதே சோதனைதான். தண்ணீர் மண் மண்ணெண்ணெய் மண்ணைவிடப் பாதி மடங்கு கூடுதலாக இருந்தால் அந்த மண்ணை நம்பி அப்படியே ரோடு போட மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்றுவார்கள், அல்லது நல்ல சரளையை நடுவில் பரப்பி மண்ணையும் கல்லையும் பிரித்து வைப்பார்கள்.

மோட்டார் வந்தது, தார் வந்தது

மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை கல்லை அரைத்துப் பொடியாக்கியது. அந்தப் பொடியே இடைவெளிகளை நிரப்பியது. வேகமாக ஓடும் மோட்டாரின் ரப்பர் டயரோ அந்தப் பொடியை உறிஞ்சி வெளியே வீசிவிட்டது. பொடி போனதும் கல் பெயர்ந்தது. நூறாண்டு தாங்கிய மெக்காடத்தின் முறை மோட்டாருக்கு முன் தோற்றது இப்படித்தான். பொடியைப் பிடித்துவைக்க ஒரு பசை தேவைப்பட்டது.

1901-இல் இங்கிலாந்தில் ஹூலி என்ற சாலை அதிகாரி ஓர் இரும்பாலைப் பக்கம் நடந்து போனபோது, ரோட்டில் கொட்டிப்போன தாரின் மேல் யாரோ உலைக் கசடைப் பரப்பியிருந்ததைப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் புழுதியே இல்லை. அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமை பெற்றார். அது நிலக்கரியிலிருந்து வந்த உண்மையான தார். இன்று நாம் 'தார்' என்று சொல்வது பெட்ரோலியத்தைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென். பொருள் மாறிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தியாவில் மோட்டார் ரோடுகளைப் பற்றி ஆராய 1927-இல் ஜெயகர் குழு அமைக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1929-இல் பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதியும், 1934-இல் இந்தியச் சாலைகள் பேரவையும் வந்தன. 1943-இன் நாகபுரித் திட்டம் ரோடுகளைத் தேசிய, மாநில, மாவட்ட, கிராமச் சாலைகள் என்று வகைப்படுத்தியது. மேலூர் வழியாக மதுரைக்கு வந்து தூத்துக்குடி போகும் ரோடு இன்று தேசிய நெடுஞ்சாலை 38. திண்டுக்கல் பக்கமிருந்து மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய எண் 7, இப்போது 44.

தண்ணீரை நேசிக்கும் கல்

ஆனால் தாரும் நம் கல்லும் அவ்வளவு நல்ல நண்பர்கள் அல்ல. மதுரைப் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அப்படிப்பட்ட கல்லின் மேற்பரப்பு எண்ணெய்ப் பொருளைவிடத் தண்ணீரையே அதிகம் விரும்பும். சூடாக ஊற்றும்போது தார் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் மெல்ல உள்ளே புகுந்து, கல்லுக்கும் தாருக்கும் நடுவில் நுழைந்து, தாரை உரித்துவிடும். ஒரு கல் பெயர்ந்தால் போதும். பக்கத்துக் கல்லுக்குப் பிடிப்புப் போய்விடும். மறுநாள் குழி, மறுவாரம் பள்ளம். சுண்ணாம்புக்கல் தாரைக் கெட்டியாகப் பிடிக்கும்; ஆனால் பாரத்துக்குத் தேயும்.

இந்தப் பிரச்சினைக்கு மதுரையிலேயே ஒரு விடை கிடைத்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை என்ன செய்யலாம் என்று யோசித்தவர். பிளாஸ்டிக்கைத் தாரோடு கலப்பதற்கு மாறாக, அதைத் துண்டுகளாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினார். சுமார் 170 டிகிரி செல்சியஸில் உள்ள கல்லின் மேல் விழுந்த பிளாஸ்டிக் எரியாமல் இளகி, கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டது. அதன்மேல் தாரைக் கலந்தால்? பிளாஸ்டிக்கும் தாரும் இரண்டுமே பெட்ரோலியக் குடும்பம். இரண்டும் நன்றாக ஒட்டிக்கொண்டன, தண்ணீர் புக வழியில்லை. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சோதனை ரோடு போட்டார்கள். 2006-இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு கி.மீ. கிராமத்து ரோட்டில் ஏறத்தாழ ஒரு டன் கழிவுப் பிளாஸ்டிக் அடங்கிவிடும், அந்த அளவுக்குத் தாரும் மிச்சம். 2013-இல் சாலைகள் பேரவை இதற்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. 2018-இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பி.வி.சி. வகையை இதில் சேர்க்கவே கூடாது. சூடேறினால் நச்சு வாயு வரும். ரோடு தேயும்போது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலும் கண்மாயிலும் சேராதா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மலைக்குத் திரும்புவோம்

மேலூர் வட்டாரத்தின் கிரானைட், வெட்டிப் பாளமாக்கி மெருகேற்ற ஏற்றது. வெளிநாடுகளுக்குப் போனது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள ஒரு பாளம் 9 கன மீட்டர். அதன் எடை சுமார் 24 டன்! இதை ஏற்றிய லாரி ரோட்டை என்ன செய்யும்?

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தனியாக ரோடு போட்டு, அதில் இரவு பகலாக லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 16 மடங்கு என்று தெரிந்தது. அதாவது நான்காம் அடுக்கு. அரை டன் அச்சுள்ள ஒரு காரும், 10 டன் அச்சுள்ள ஒரு லாரியும் போனால்? 20 × 20 × 20 × 20. லாரியின் ஓர் அச்சு 1,60,000 கார் அச்சுகளுக்குச் சமம். 2018-இல் இந்தியாவில் ஓர் அச்சின் அனுமதிக்கப்பட்ட பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பார்க்கச் சிறிய உயர்வு. சேதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1.6 மடங்கு வரும். உடைந்த ரோட்டைச் செப்பனிட மறுபடியும் ஜல்லி வேண்டும், ஜல்லிக்கு மறுபடியும் ஒரு குன்று வேண்டும்.

2012-இல் மேலூர்ப் பகுதிக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் வெளிவந்தன. 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆய்வுக்கு நியமித்த உ. சகாயம் அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். நான் முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கல்வெட்டுகள் இங்கேதான் வருகின்றன. மீனாட்சிபுரம் குன்றில் உள்ள மாங்குளம் கல்வெட்டுகள் தமிழில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், ஒரு வணிகர் குழுவின் பெயரும் அவற்றில் உள்ளன. பாறை போனால் அவையும் போகும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை; ஆம்புலன்ஸ் வர வேண்டும், காய்கறி போக வேண்டும், பள்ளிக்கூட பஸ் வர வேண்டும். ஆனால் ரோட்டில் ஒருமுறை போட்ட கல் எங்கும் போய்விடுவதில்லை. பழைய தளத்தை இயந்திரத்தால் சுரண்டி எடுத்து, சூடாக்கி, கொஞ்சம் புதிய தார் சேர்த்து அதே கல்லையே மறுபடி போடலாம். நம் தெருக்களில் பல காலமாக அப்படிச் செய்யவில்லை. பழையதன் மேலேயே புதியதைப் போட்டார்கள். தெரு உயர்ந்தது, வீடுகள் தாழ்ந்தன, மழைத்தண்ணீர் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்தது. சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு உத்தரவிட்டது.

உங்கள் தெருவில் பழைய வீடு ஏதாவது இருந்தால் அதன் வாசலில் நின்று பாருங்கள். எத்தனை படி ஏறித் திண்ணைக்குப் போனார்கள், இப்போது எத்தனை படி வெளியே தெரிகிறது என்று வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு படி 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, தெருவின் நீள அகலத்தால் பெருக்குங்கள். உங்கள் தெருவுக்குள் எத்தனை லாரி மலை புதைந்திருக்கிறது என்ற கணக்கு வந்துவிடும்.